விட்டுப்போன நான்கு அதிகாரங்கள்

பக்கத்து வீட்டில் இருந்த பார்வையற்ற அம்மாள் ஒருவரிடம், ஒரு சிறு நூலை முழுவதும் வாசித்துவிட்டதாக நான் பொய் சொன்னேன். நடுவில் நான்கு அதிகாரங்களை விட்டிருந்தேன். அந்த நூலை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை கேட்க அவர் அறுபது ஆண்டுகள் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஏன் காத்திருந்தார் என்பதும் தெரியும். தெரிந்தேதான் விட்டேன்.

எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தேவாலயத்தின் தமிழ் ஆராதனையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேதபாடம் வாசித்தேன். சொல் தெளிவாக விழுகிறது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. நான் செய்த காரியத்தில் அந்தக் கர்வத்துக்கும் பங்கு இருக்கிறது.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் தெப்ராவில், தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பில், வரிசையின் கடைசி வீடு மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே வயதான தம்பதி குடிவந்தார்கள். வெளுத்த நிறம். செராணிக்காரர்கள், அதாவது ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவர், என்று தாமானில் எல்லாரும் நினைத்தார்கள், அவர்களும் மறுக்கவில்லை. வந்த மறுநாள் காலை என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த வெள்ளைக்கார அம்மாள் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஒங்க வீட்டுல தண்ணி வருதா? எங்க வீட்டுல பைப்பத் தொறந்தா காத்துதான் வருது.”

சுத்தமான தோட்டத்துத் தமிழ். என் மனைவி கையிலிருந்த கிளிப்புகளையெல்லாம் கீழே போட்டுவிட்டாள்.

அவர் லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர். ஐரோப்பாவில் போரில் குடும்பத்தை எல்லாம் பறிகொடுத்துவிட்டு, இந்த ஒரு மகளோடு மட்டும் வந்து சேர்ந்த யூதர். மகளை வளர்த்தது ஒரு தமிழ் ஆயா. கணவரும் யூதர்தான், ஆனால் வேறு வழி வந்தவர்; சிங்கப்பூரில் பிறந்தவர், பாக்தாத் பூர்வீகம். இவ்வளவையும் எங்களிடம் சொல்ல அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இந்த ஊரில் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ள யாருக்கும் தயக்கமாகத்தான் இருக்கும்.

யூதர் எல்லாருக்கும் வேதம் ஒன்று என்றாலும், எந்தப் பண்டிகைக்கு எதை, எப்போது, எப்படி வாசிப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். இதை நான் அந்தத் தம்பதியின் சண்டையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

“இவங்க ஆளுங்க வேதச் சுருள பெட்டியோட நட்டமா நிக்கவெச்சு, மொதல்ல எல்லாருக்கும் தூக்கிக் காட்டிட்டுத்தான் படிப்பாங்க சார்,” என்பார் அம்மாள். “எங்கப்பா ஆளுங்க மேசையில படுக்கவெச்சுப் படிச்சு முடிச்சிட்டுத்தான் தூக்குவாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு எல்லாமே தலகீழா இருக்கு.”

“மொதல்ல காட்டணும்லா,” என்பார் கணவர், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். “காட்டாம குடுத்தா யார் சாப்பிடும்?”

எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து உபவாசம் இருக்கும் நாளில், கணவர் வீட்டார் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இழந்த ஒரு நல்ல மனிதனின் நூலையும் வாசிப்பார்கள். அம்மாளின் அப்பா வீட்டில் அது கிடையாது. கூடாரப் பண்டிகையின் நடுவே வரும் சனிக்கிழமை, அம்மாளின் அப்பாவுடைய ஆட்கள் ஜெபாலயத்தில் ஒரு சிறு நூலை முழுவதும் வாசிப்பார்கள். பன்னிரண்டே அதிகாரங்கள். வயதான அரசன் ஒருவன் தான் கட்டியது, சேர்த்தது, கற்றது எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்து, கையில் நிற்பது எதுவும் இல்லை என்று சொல்வது. கணவரின் ஆட்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

மற்ற எல்லா வித்தியாசங்களையும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவர்கள், இந்த நூல் பேச்சில் வந்தால் மட்டும் இருவருமே நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டில் அதற்குப் பெயர் இல்லை. ‘அது’ என்பார்கள்.

கணவருக்குக் கை நடுக்கம் இருந்தது. நாளிதழைப் பிடிக்க முடியாது. அதனால் காலை வேளைகளில் நான் போய் வாசித்துக் காட்டுவேன். ஜெபாலயத்தில் பல ஆண்டுகள் அவருடைய பொறுப்பு, வாசிப்பவரின் பக்கத்தில் நின்று கவனிப்பது. ஒரு சொல் பிசகினாலும் விரல் முட்டியால் மேசையில் இரண்டு முறை தட்டுவார். வாசிப்பவர் பின்னால் போய், பிசகிய இடத்திலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. தண்ணீர் கட்டண அறிவிப்பை வாசிக்கும்போது சலிப்பில் ஒரு வரியைத் தாண்டினால்கூட டக், டக் என்று தட்டிவிடுவார். கை அவ்வளவு நடுங்கும். அந்த இரண்டு தட்டு மட்டும் நடுங்காது. முப்பது ஆண்டு வேதபாடம் வாசித்தவனை ஒருவர் தட்டித் திருத்துகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் வரும்.

இறப்பதற்கு ஒரு மாதம் முன், அம்மாள் உள்ளே இருந்த நேரம் பார்த்து அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “நான் போன பிறகு அவள் ‘அதை’ வாசிக்கச் சொல்லி உங்களைக் கேட்பாள். வாசிக்காதீர்கள்.” காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சரி என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அவர் போன அடுத்த ஆண்டு நோய் பரவி, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தை மூடிவிட்டார்கள். அதுவரை ஒவ்வொரு பண்டிகைக்கும் பாலத்தைக் கடந்து ஜெபாலயத்துக்குப் போய்வந்த அம்மாள் வீட்டிலேயே முடங்கினார். ஏற்கெனவே மங்கியிருந்த கண்பார்வை அந்த ஆண்டில் முழுவதும் போய்விட்டது. என் மனைவி இரண்டு வேளை சாப்பாடு கொடுத்தாள்.

பாலம் மூடிய இரண்டாம் ஆண்டு, ஊசி போட்டவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகலாம் என்று தளர்த்திய சமயத்தில், கூடாரப் பண்டிகை வந்தது. ஏழு நாளும் இலைகளால் வேய்ந்த பந்தலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் முறை. செடெனாக்கில் என் மைத்துனருக்குச் எண்ணெய் எடுக்கும் சிறிய செம்பனைத் தோட்டம் உண்டு. அங்கிருந்து மட்டைகளை வெட்டி வந்து, மூலை வீட்டின் பக்கத்து நிலத்தில் நானே பந்தல் போட்டேன். அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, கண் தெரிந்தவர்போல அதட்டினார்.

“வானம் தெரியணும் சார். ரொம்ப மூடிட்டீங்கன்னா அது பந்தல் இல்ல, கூர.”

“ஒங்களுக்கு எப்படிம்மா தெரியுது மூடிட்டேன்னு?”

“மூஞ்சில வெயில் வுழல. இது தெரியாதா எனக்கு?”

வேலை முடிந்ததும் அவர் சொன்னார்: “சனிக்கெழம காலைல ஒங்க தமிழ் வேதத்த எடுத்துட்டு வாங்க. ‘அது’ வாசிக்கணும்.”

“ஐயாவுக்குப் பிடிக்காதேம்மா.”

“புடிக்காதுன்னுதானே அறுவது வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எங்க மொறப்படி கட்டிக்கிட்டவ புருசன் வழக்கத்துக்குப் போயிடணும். அவரும் போயி, புள்ளயும் இல்லன்னா அப்பா வழக்கத்துக்குத் திரும்பிக்கலாம். போன்ல எங்க குருகிட்ட கேட்டுட்டேன்.”

பிறகு, நான் கேட்காமலேயே, காரணத்தைச் சொன்னார்.

“எனக்கு அப்போ இருவத்துமூணு வயசு. பந்தல்ல ஏண கட்டிப் போட்டிருந்தேன். மூணு மாசப் பய. அவர் ஜெபாலயத்துக்குப் போயிட்டார். எங்கப்பா புத்தகத்த மடியில வெச்சுக்கிட்டு, ஒரு கையால கயித்த இழுத்துக்கிட்டே சத்தமா வாசிச்சேன். பாதி வந்திருப்பேன். பய சத்தமே காணோம். தூங்கிட்டான்னு நெனச்சேன். தூங்கல சார்.”

அவர் நாற்காலிக் கைப்பிடியைத் தடவியபடியே தொடர்ந்தார்.

“பச்சப் புள்ள பக்கத்துல சாவப் பத்தி வாசிச்ச, பாதிலயும் நிறுத்திட்ட, அதான்னு மாமியா சொன்னாங்க. அவர் ஒரு வார்த்த சொல்லல. இனிமே இந்த வீட்டுல அது வேணாம்னு மட்டும் சொன்னார். அதுலயே தெரிஞ்சிடுச்சு, அவரும் நம்புறாருன்னு. ஒரு தடவ முழுசா வாசிக்கணும் சார். முழுசா வாசிச்சு ஒண்ணும் ஆகலன்னா, அன்னிக்கும் அதனால இல்லன்னுதானே அர்த்தம்? அத தெரிஞ்சுக்கிட்டுச் சாகணும்.”

வருகிறேன் என்றேன். அவர் கணவருக்கு நான் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு யாரையாவது தேடியிருப்பார். தொலைபேசியில் வாசிக்கக்கூட யாராவது கிடைத்திருப்பார்கள். நான் நல்லவனாக இருக்க விரும்பினேன், இறந்தவரிடமும் உயிரோடிருப்பவரிடமும்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வெயில் ஏறியிருந்தது. அந்த மாதங்களில் தாமானில் வண்டிச் சத்தமே இருக்காது. பறவைகள்கூட எங்கோ போய்விட்டதுபோல இருந்தது. நாலு நாளில் செம்பனை மட்டைகள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. ஓலைகளின் நடுவே வந்த வெயில் மேசையில் கோடு கோடாக விழுந்திருந்தது.

மேசைக்கு மூன்று நாற்காலிகள். ஒன்றில் அம்மாள், எதிரே நான். மூன்றாவதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது.

“அது யாருக்கும்மா?”

“அவங்க வழக்கம். பந்தலுக்கு ஒவ்வொரு நாளும் முன்னோர் ஒருத்தர் விருந்துக்கு வருவாங்களாம். கண்ணுக்குத் தெரியாது. அவங்களுக்கு நாற்காலி போட்டு வெக்கணும். அவர் வழக்கப்படி நாற்காலி, எங்கப்பா வழக்கப்படி வாசிப்பு. ரெண்டு பேருக்கும் கொற இல்ல பாருங்க.” அவர் சிரித்தார்.

அவர் முன்னால் ஒரு தகர மூடியும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் இருந்தன. அந்த நூலில் வெயிலைச் சொல்லும் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். சிறுவயதில் ஜெபத்தின்போது மகள் அலுத்துப்போகாமல் இருக்க, அது வரும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்து வைக்கச் சொல்வாராம் அவர் அப்பா. கடைசியில் எத்தனை இருக்க வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம்.

வாசிக்கத் தொடங்கினேன். முதல் சில அதிகாரங்கள் நன்றாகவே போயின. அந்தச் சொற்றொடர் வரும்போதெல்லாம் மூடியில் ஒரு கொட்டை விழும். அம்மாளின் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்போல இருந்தது. என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

ஆறாவது அதிகாரம் முடியும்போது அவர் முகம் மாறியது. உடம்பை இடது பக்கம் சாய்த்து, தரையை நோக்கிக் காதைக் கொடுத்தார். பிறகு அவருடைய இடது கை மெல்ல எழுந்தது. விரல்கள் எதையோ பிடித்துக்கொண்டன. கை முன்னும் பின்னுமாக, ஒரே சீராக, அசையத் தொடங்கியது. கயிறு இல்லை. ஏணை இல்லை. அந்தக் கை இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் அதை அறிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த அசைவுக்கு ஏற்ப மேலே ஒரு மட்டை கிறீச், கிறீச் என்றது. காற்று இல்லை. நான் வெள்ளைத் துணி விரித்த நாற்காலியைப் பார்த்தேன். உட்காரும் இடத்தில் துணி குழிந்திருந்தது. முதலிலேயே அப்படி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கவனித்திருக்கவில்லை.

வாசிக்காதீர்கள் என்ற அவர் கணவரின் குரலும், நான் சரி என்றதும் ஞாபகத்துக்கு வந்தன. எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் பாதியில் நிறுத்தினால் அம்மாள் என்ன ஆவார் என்றும் தெரிந்தது. அப்போதுதான் அதைச் செய்தேன். பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, சத்தம் வராமல் திருப்பி, பதினோராம் அதிகாரத்துக்குப் போனேன். குரலில் எந்த மாற்றமும் காட்டவில்லை. அதற்குத்தான் முப்பது ஆண்டுப் பயிற்சி உதவியது.

முதல் வாக்கியத்தை வாசித்து முடிக்கவில்லை. மேசையில் டக், டக் என்று கேட்டது.

மரத்தில் விரல் முட்டி படும் சத்தம். அம்மாளின் வலது கை கொட்டைகளின்மேல் இருந்தது, இடது கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. என் இரண்டு கைகளும் புத்தகத்தில். நான் நிறுத்தவில்லை, வேகமாக வாசித்தேன். மறுபடி டக், டக். சற்று ஓங்கி. ‘அதை’ வாசித்ததற்காக இறந்துபோன கணவர் என்னைத் தடுக்கிறார் என்றே எண்ணினேன். கடைசி இரண்டு அதிகாரங்களையும் ஓட்டமாக ஓடி முடித்து, புத்தகத்தை மூடினேன். சத்தம் நின்றது. அம்மாளின் கையும் மடியில் இறங்கியது.

“கடேசி வரைக்கும் வந்துட்டமா சார்?”

“வந்துட்டோம்மா.”

அவர் கொட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார்.

“கொறையுது சார். பத்துக்கு மேலயே கொறையுது.”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அதுதான். புத்தகம் மடியில் இருந்தது. வெயில் இருந்தது. நான் சொன்னது இது: “எபிரேயத்துல இருக்கறதெல்லாம் தமிழ்ல அப்படியே வராதும்மா. மொழிபெயர்க்கறப்போ சில எடத்துல வேற சொல் போட்டிருப்பாங்க. கொறையத்தான் செய்யும்.”

“அப்படியா?”

“ஆமாம்மா.”

“படிச்சவங்க சொன்னா சரிதான்.” கொட்டைகளை அள்ளி மூடியில் போட்டார். “அப்போ முடிஞ்சிடுச்சு.”

அவர் என்னை நம்பினார். நான் படித்தவன் என்பதால் நம்பினார். பயந்து பக்கம் திருப்பியதைக்கூட ஒருவேளை மன்னிக்கலாம். கற்ற கல்வியை எடுத்து அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவியிடம், “இன்னிக்கும் ஒண்ணும் ஆகலம்மா,” என்றார். என்ன ஆகவில்லை என்று என் மனைவிக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை பகல் என்னைக் கூப்பிட்டார்.

“தமிழ்ல கொறையும்னீங்கல்ல சார், எந்தெந்த எடத்துலன்னு பாத்துச் சொல்லுங்களேன். சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

“நாளைக்குப் பார்த்துச் சொல்றேம்மா.”

“நாளைக்கு மறக்காதீங்க, என்ன?”

செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி கஞ்சி கொண்டுபோனபோது அவர் கட்டிலில் இறந்துகிடந்தார். இரவில் இதயம் நின்றிருக்க வேண்டும் என்றார் வந்த டாக்டர். வயது எண்பத்திரண்டு, ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இடது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. என் மனைவி அந்த விரல்களை விரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அனுமதிக் கடிதங்கள் கையெழுத்தாகி, சிங்கப்பூரில் அடக்கம் செய்யச் சவ வண்டி மட்டும் பாலத்தைக் கடந்தது. நாங்கள் கூடப் போக முடியவில்லை. பந்தலை நான்தான் பிரித்தேன். காய்ந்த மட்டை முள் உள்ளங்கையில் ஏறி, அந்தப் புண் ஆற வெகுநாள் ஆயிற்று.

பாதி வாசிப்பினால் ஆள் இறப்பார் என்று நான் நம்புகிறவன் அல்ல. அந்தக் குழந்தையும் அப்படி இறக்கவில்லை. அம்மாளுக்குத் தெரிய வேண்டியிருந்ததும் அதுதான். அவரிடம் அதை நிரூபிக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. நான் அவருக்குப் பழையபடியே பாதியைக் கொடுத்து, சந்தேகத்தோடு அனுப்பிவைத்தேன்.

தேவாலயம் மறுபடி திறந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தேன். தாள்கள் இரண்டு ஒட்டிக்கொண்டு, தெரியாமல் ஒரு பக்கம் தாண்டிவிட்டேன். பொருள் ஓரளவு ஒட்டித்தான் வந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு வரி வாசித்திருப்பேன். வாசிப்பு மேடையின் மரத்தில் டக், டக் என்று கேட்டது.

என் வாய் நின்றுவிட்டது. தாளைப் பிரித்து, பின்னால் போய், விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். வேறு சத்தம் வரவில்லை.

வெளியே வந்ததும் என் மனைவி, “ஏங்க, எதுக்குப் பின்னாடி போய் மறுபடி வாசிச்சீங்க?” என்றாள்.

“தட்டினாங்களே.”

“யாரு தட்டினா? நான் முன் வரிசைலதான் இருந்தேன். ஒருத்தரும் தட்டல.”

காரில் உட்கார்ந்து சாவியைப் போடாமல் வெகுநேரம் இருந்தேன். அன்று பந்தலில் முதல் ஆறு அதிகாரங்களை வாசித்தபோது ஒரு தட்டும் இல்லை. அம்மாளின் கணவர் வேண்டாம் என்று சொன்ன நூலைத்தான் வாசித்தேன், அவர் நாற்காலிக்கு எதிரிலேயே வாசித்தேன், சத்தம் இல்லை. நான் தாண்டிய பிறகுதான் தட்டினார். எனக்குத் தெரிந்த நாள் முதல் அந்தத் தட்டுக்கு அவரிடம் ஒரே பொருள்தான்: பின்னால் போ, விட்டதை வாசி. அந்த மனிதரால், வழக்கம் யாருடையதாக இருந்தாலும், தொடங்கிய வாசிப்பில் ஒரு சொல் விடுபடுவதைப் பொறுக்க முடியாது. அவர் மனைவிக்காகத் தட்டியிருக்கிறார். நான் அதைத் தடை என்று எடுத்துக்கொண்டேன். எது என் பயத்துக்கு வசதியாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டேன்.

இறந்தவர் தட்டினாரா, என் தலைக்குள் கேட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு அதில் வித்தியாசமும் இல்லை.

பாலம் திறந்த ஆண்டின் கூடாரப் பண்டிகையில் கடந்துபோய், அம்மாளின் கணவர் வழக்கமாகப் போய்வந்த ஜெபாலயத்தின் வாசலில் நின்றேன். காவலர் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, தாடி வைத்த ஓர் இளைஞரை வரவழைத்தார். இறந்துபோன ஓர் அம்மாளுக்காக இந்த நூலை இங்கே யாராவது முழுவதும் வாசிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: இந்த ஜெபாலயத்தில் அதைப் பண்டிகையில் வாசிக்கும் வழக்கம் இல்லை, இறந்தவருக்காக வேறு ஜெபங்கள் உண்டு, அவற்றைச் சொல்கிறோம்.

“அந்த அம்மாள் கேட்டு, யாரும் வாசிக்காமல் போய்விட்டார்களா?” என்று கேட்டார்.

“பாதி வாசித்தார்கள்,” என்றேன்.

“பாதி என்றால் அது வாசித்ததாகாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். யார் வாசித்தது?”

யாரோ ஒருவர், எனக்குத் தெரியாது என்றேன். அங்கேயும் பொய்தான் சொன்னேன்.

திரும்பி வந்தும் வாசிக்கவில்லை. அடுத்த ஆண்டும் வாசிக்கவில்லை. மூலை வீட்டை விற்றுவிட்டார்கள். பக்கத்து நிலத்தில் சிமெண்டு போட்டு இப்போது இரண்டு கார்கள் நிற்கின்றன. நான் தேவாலயத்தில் வாசிப்பதையும் விட்டுவிட்டேன். கண்ணைக் காரணம் சொன்னேன்.

இந்த ஆண்டு பண்டிகையின் நடுச் சனிக்கிழமை எது என்று நாள்காட்டி பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்று காலை எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில், மூலை வீட்டைப் பார்த்தபடி நாற்காலி போட்டு, பெரிய எழுத்து வேதத்தை மேசையில் வைத்தேன். என் மனைவி வந்து, என்ன இது, கண் தெரியாது என்றீர்களே என்றாள். உட்கார் என்று சொல்லி, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நாற்காலி, தட்டு, புளியங்கொட்டை, நான் சொன்ன பொய். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

“அதான் அந்தம்மா இன்னிக்கும் ஒண்ணும் ஆகலன்னாங்களா,” என்றாள்.

முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தேன். குரல் பழையபடி வரவில்லை. சில இடங்களில் சொல் தடுமாறி, நானாகவே பின்னால் போய் வாசித்தேன். ஆறு முடிந்து ஏழு வந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தேன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. எந்தச் சத்தமும் வரவில்லை. மூலை வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டையும் வாசித்து முடித்தேன்.

“விட்டீங்கன்னு சொன்னது எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டாள் என் மனைவி. நான் கடிகாரம் பார்த்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

“பதினொரு நிமிஷம்.”

“பதினொரு நிமிஷமா? அதுக்கா அந்தம்மாவ ஏமாத்தினீங்க?”

“ஆமா,” என்றேன்.